விவசாய உபாத்தியாயர் பயிற்சியும் அதன் கடைசி வாரங்களும்

ஒரு சங்கத்தின் காரியதரிசி எவ்வளவு திறமையுடையவர் என்பது அவர் பதவி ஏற்கும் நாளில் தெரிவதில்லை. அவர் பதவியை விட்டு நீங்கும்போது புத்தகங்களையும் ரொக்கத்தையும் பத்திரங்களையும் அடுத்தவரிடம் எவ்வாறு ஒப்படைக்கிறார் என்பதிலேயே அது விளங்கும். வரவு செலவு ஒழுங்காக எழுதப்பட்டு, கடன் பத்திரங்கள் வரிசையாக வைக்கப்பட்டு, புதிதாக வருபவர் மறுநாட் காலையிலேயே வேலையைத் தொடங்கக்கூடுமாயின், நீங்கியவர் நல்ல காரியதரிசி ஆவார். அவ்வாறின்றி, “அவரைக் கேட்டால்தான் தெரியும்” என்று அங்கத்தினர்கள் சொல்ல நேருமாயின், அவர் எவ்வளவு பாடுபட்டிருந்தபோதிலும் அப்பாடு சங்கத்திற்கு நிலையான பயனைத் தரவில்லை என்றே கொள்ளவேண்டும்.

இதே பரீட்சை விவசாயம் போதிக்கும் உபாத்தியாயருக்கும் பொருந்தும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உயர்தரப் பள்ளிகளில் விவசாயம் கற்பிக்க விரும்புவோர், தமது சர்வகலாசாலைப் படிப்பின் இறுதியில் ஓர் ஊரின் பள்ளிக்குச் சென்று சில மாதங்கள் பயிற்சி உபாத்தியாயராக வேலை செய்யவேண்டும் என்பது விதி. அப்பயிற்சி முடிவுக்கு வரும் வாரங்களில் நடைபெறும் காரியங்களை நம் சங்கத்து அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது பயனுடையது. ஏனெனில், வெளியூரிலிருந்து வந்து கற்பித்துவிட்டுச் செல்பவர் ஊரில் எதை விட்டுச் செல்கிறார் என்பதை அளந்தறியும் முறை அதில் அடங்கியிருக்கின்றது.

இம்முறை தோன்றிய வரலாறு

1862-ம் வருஷம் ஜூலை மாதம் 2-ந் தேதி, ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் மாரில் சட்டம் என்பதில் கையொப்பமிட்டார். மத்திய சர்க்கார் தமக்குச் சொந்தமான நிலங்களை மாகாணங்களுக்கு அளிப்பதென்றும், அவற்றை விற்ற பணத்தைக் கொண்டு விவசாயமும் யந்திரத் தொழிலும் போதிக்கும் கல்லூரிகளை மாகாணங்கள் நடத்துவதென்றும் அச்சட்டம் ஏற்பாடு செய்தது. கல்லூரிகள் பல தோன்றின. எனினும், கல்லூரிக்குச் செல்லும் வசதி குடியானவர் மக்களுள் மிகச் சிலருக்கே இருந்தது. ஊர்ப் பள்ளியோடு படிப்பை முடித்துக்கொண்டு நிலத்திற்குத் திரும்பும் பிள்ளைகளுக்கு அக்கல்வி எட்டவில்லை.

கனெக்டிகட் விவசாயக் கல்லூரியின் தலைவராக இருந்த ரூபஸ் ஸ்டிம்ஸன் என்பவர், 1908-ம் வருஷம் அப்பெரிய பதவியை விட்டு, மாஸசூஸெட்ஸ் மாகாணத்து நார்தாம்டன் நகரில் புதிதாக ஏற்பட்ட ஒரு விவசாயப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். பள்ளிக்கூடத்துப் பண்ணையில் மட்டும் மாணவர்களை வேலை செய்வித்தால், அவர்கள் கூலியாட்களைப் போலவே இருப்பார்கள். விளைந்தால் லாபம் அவர்களுக்கில்லை, அழிந்தால் நஷ்டமும் அவர்களுக்கில்லை. ஆகவே, ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டு நிலத்திலோ தொழுவத்திலோ ஒரு பயிரையோ ஒரு பிராணியையோ தமது சொந்தப் பொறுப்பில் வளர்த்து, அதற்குக் கணக்கும் எழுதிவர வேண்டும் என்றும், உபாத்தியாயர் வீடுதேடிச் சென்று அதைப் பார்வையிட வேண்டும் என்றும் அவர் ஏற்பாடு செய்தார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை நம்மவர் அறிவர். அந்த ஏட்டையும் கறியையும் ஒன்று சேர்த்ததே ஸ்டிம்ஸனின் முறையாகும்.

1917-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 23-ந் தேதி, ஜனாதிபதி உட்ரோ வில்ஸன் கையொப்பமிட்ட ஸ்மித்-ஹியூஸ் சட்டம் இதைத் தேசமெங்கும் பரப்பிற்று. விவசாய உபாத்தியாயர்களின் சம்பளத்திற்கும், அத்தகைய உபாத்தியாயர்களைப் பயிற்றுவிப்பதற்கும் மத்திய சர்க்கார் பணம் கொடுத்தனர். அவர்கள் கொடுக்கும் ஒவ்வொரு டாலருக்கும் மாகாணமோ ஊராரோ ஒரு டாலர் போடவேண்டும். மாணவர் வருஷத்தில் ஆறு மாதமாவது மேற்பார்வையுடன் நிலத்தில் வேலை செய்யவேண்டும். பின்னர் வேறு சட்டங்கள் அதன் இடத்திற்கு வந்தன. 1963-ம் வருஷத்துச் சட்டம், உழுது பயிரிடுவதற்கு மட்டுமன்றி விவசாயத்தைச் சார்ந்த பிற தொழில்களுக்கும் இக்கல்வியை விரித்தது.

1928-ம் வருஷம் கான்ஸாஸ் நகரில் 18 மாகாணங்களிலிருந்து வந்த 33 மாணவர்கள் கூடி, வருங்கால விவசாயிகள் சங்கத்தைத் தேசிய ஸ்தாபனமாக நிறுவினார்கள். கறுப்பின மாணவர்களுக்கென 1935-ம் வருஷம் தனியாக ஒரு சங்கம் ஏற்பட்டிருந்தது. 1965-ம் வருஷத்தில் இரண்டும் ஒன்றாயின. 1969-ம் வருஷம் முதல் பெண்களும் தேசிய சங்கத்தில் அங்கத்தினராயினர். எஃப்.எஃப்.ஏ. என்று வழங்கும் அச்சங்கத்தில் இன்று பத்து லட்சத்திற்கு மேற்பட்ட அங்கத்தினர்கள் இருக்கின்றனர்.

பயிற்சி நடைபெறும் விதம்

ஆகவே விவசாய உபாத்தியாயருக்கு வேலை மூன்று வகைப்படும். வகுப்பறையிலும் தொழிற்கூடத்திலும் பாடம் போதித்தல் ஒன்று. மாணவர் தத்தம் பொறுப்பில் நடத்தும் விவசாய முயற்சிகளை மேற்பார்த்தல் மற்றொன்று. மாணவர் சங்கத்திற்கு ஆலோசகராக இருத்தல் மூன்றாவது. பயிற்சிக்குச் செல்பவர் மூன்றையும் செய்து பழகவேண்டும்.

பயிற்சிக் காலம் பெரும்பாலும் பன்னிரண்டு முதல் பதினாறு வாரம் வரை இருக்கும். அப்பள்ளியில் நீண்ட அநுபவமுடைய விவசாய உபாத்தியாயர் ஒருவரிடம் பயிற்சியாளர் ஒப்புவிக்கப்படுகிறார். அமெரிக்கர் அவ்வநுபவசாலியை ‘ஒத்துழைக்கும் உபாத்தியாயர்’ என்றே வழங்குகின்றனர். நமக்கு மிகப் பழக்கமான சொல் அன்றோ அது! சர்வகலாசாலையிலிருந்தும் மேற்பார்வையாளர் ஒருவர் இடையிடையே வந்து பார்த்துச் செல்வார்.

முதல் வாரத்தில் பயிற்சியாளர் வகுப்பின் பின்புறம் அமர்ந்து கவனிப்பார். மாணவரின் பெயர்களையும் அவர்கள் வீடுகளையும் தெரிந்துகொள்வார். பிறகு ஒரு வகுப்பை ஏற்பார். அடுத்து இரண்டு, மூன்று என்று கூட்டிக்கொண்டு போவார். நடுக்காலத்தில் அன்றாட வேலை முழுவதும் அவர் கையில் இருக்கும். முடிவு நெருங்க நெருங்க, வகுப்புக்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுப்பார். ஏறிய படிகளிலேயே இறங்கவேண்டும் என்பது நியமம். இறங்குவது ஏறுவதைக் காட்டிலும் கடினம் என்பதை இனிக் கூறுவதிலிருந்து அறியலாம்.

கடைசி வாரங்களில் முடிக்கவேண்டிய காரியங்கள்

1. வகுப்பைத் திருப்பிக் கொடுத்தல். “இவர் இன்னும் பத்து நாளில் போய்விடுவார்” என்று மாணவர் அறிந்தவுடன், கொடுத்த வேலையைச் செய்யாமல் காலங்கடத்தும் எண்ணம் சிலருக்கு உண்டாவது இயற்கை. பயிற்சியாளரும் தாம் திருத்தவேண்டிய தாள்களை மூட்டையாகக் கட்டி அடுத்தவரிடம் விட்டுச் செல்ல நினைக்கக்கூடும். இரண்டும் தவறு. தாம் தொடங்கிய பாடத்தைத் தாமே முடித்து, பரீட்சையும் வைத்து, குணங்களைப் பதிவேட்டில் ஏற்றிய பிறகே அவர் வகுப்பை ஒப்படைக்கவேண்டும். எந்த மாணவருக்கு எந்தப் பகுதி விளங்கவில்லை, யார் பின்தங்கியிருக்கிறார் என்பதையும் எழுதிக் கொடுக்கவேண்டும். வாயால் சொல்லிப்போவது மறுவாரம் மறந்துபோகும்.

2. மாணவரின் கணக்குகளை முடித்தல். இதுவே நம் அங்கத்தினர்கள் மிகவும் கவனிக்கத்தக்க பகுதி. ஒவ்வொரு மாணவரும் தம் முயற்சிக்கு ஆரம்ப இருப்பு, செலவு, வரவு, முடிவு இருப்பு ஆகியவற்றை எழுதிவருகிறார். முன்னாளில் நோட்டுப் புத்தகத்தில் எழுதினர். இந்நாளில் பெரும்பாலும் கணினியில் பதிகின்றனர். எதில் எழுதினாலும் முறை ஒன்றே.

ஓர் உதாரணத்தால் இதை விளக்குவோம். ஒரு மாணவர் 60 டாலருக்கு ஒரு பன்றிக்குட்டி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடையில் வாங்கிய தீனிக்கு 80 டாலர், மருந்துக்கும் படுக்கை வைக்கோலுக்கும் 15 டாலர் செலவு. ஆக மொத்தம் 155 டாலர். வளர்ந்த பன்றியை 200 டாலருக்கு விற்கிறார். லாபம் 45 டாலர் என்று மகிழ்ச்சியுடன் எழுதுகிறார். பயிற்சி உபாத்தியாயர் அவர் வீட்டிற்குச் சென்று தொழுவத்தைப் பார்க்கும்போது, தகப்பனாரின் களஞ்சியத்திலிருந்தும் மக்காச்சோளம் எடுத்துப் போடப்பட்டது தெரியவருகிறது. அதன் சந்தை விலை 30 டாலர். அதையும் செலவில் சேர்த்தால் உண்மையான லாபம் 15 டாலரே ஆகும்.

இத்தொகைகள் விளக்கத்திற்காக எடுத்துக்கொண்டவை. ஆனால் அவை காட்டும் தவறு உலகெங்கும் உள்ளது. அந்த மாணவர் அடுத்த வருஷம் கடன் வாங்கி ஐந்து பன்றி வளர்க்க எண்ணினால், 225 டாலர் லாபம் வருமென்று நம்பிக் கையெழுத்துப் போடுவார்; வரக்கூடியதோ 75 டாலர். கடன் தவணையைக் கட்ட முடியாமற் போவதற்குக் காரணம் பன்றியன்று, மழையன்று. எழுதாமல் விட்ட ஒரு வரியே. வீட்டு வைக்கோலையும் வீட்டு எருவையும் கணக்கில் சேர்க்காமல் கறவை மாட்டுக்குக் கடன் கேட்கும் அங்கத்தினர், இவ்வுதாரணத்தைத் தம் வீட்டுக்கும் பொருத்திப் பார்ப்பாராக.

கடைசி வாரங்களில் பயிற்சியாளர் இத்தகைய கணக்குகளை மாணவரோடு உட்கார்ந்து சரிபார்க்கவேண்டும். தாமே திருத்தி முடித்துவிடலாகாது. தாமே திருத்தினால் கணக்கு நேராகும், மாணவர் நேராகமாட்டார். விட்டுப்போன வரியை மாணவரே கண்டுபிடிக்கும்படி கேள்விகளைக் கேட்டு, அவர் கையாலேயே எழுதும்படி செய்தல் வேண்டும். நேரம் அதிகம் பிடிக்கும். ஆயினும் பயிற்சியாளர் போனபின் தங்குவது அதுவே.

3. சாமான்களையும் உயிருள்ள பொருள்களையும் ஒப்படைத்தல். விவசாயப் பகுதியில் கரும்பலகையும் புத்தகமும் மட்டும் இருப்பதில்லை. இரும்பு பற்றவைக்கும் கருவிகள், வாயு உருளைகள், அறுக்கும் யந்திரங்கள், பூச்சி மருந்துகள், கண்ணாடி வீட்டில் வளரும் நாற்றுக்கள், சில பள்ளிகளில் ஆடு, கோழி முதலியனவும் உண்டு. கருவிகளை எண்ணி ஜாபிதாவுடன் ஒத்துப்பார்த்து, பழுதுபட்டவற்றைத் தனியே குறித்து, மருந்து அலமாரியின் சாவியைக் கையில் கொடுக்கவேண்டும். எந்த நாற்றுக்கு என்றைக்கு உரமிடப்பட்டது, எந்தப் பிராணிக்கு என்ன மருந்து எப்போது கொடுக்கப்பட்டது என்பதும் எழுத்தில் இருக்கவேண்டும். மருந்து கொடுத்த பிராணியைக் குறித்த நாட்கள் கழிவதற்கு முன் இறைச்சிக்கு விற்கலாகாது என்பது விதியாதலால், ஒரு தேதி விட்டுப்போனாலும் உண்பவருக்குத் தீங்கு நேரலாம்.

வசந்த காலத்தில் பயிற்சி முடிப்பவருக்கு மற்றொரு வேலையும் சேரும். பல பள்ளிகளில் மாணவர் கண்ணாடி வீட்டில் வளர்த்த பூஞ்செடி, தக்காளி நாற்று முதலியவற்றை அப்பருவத்தில் ஊராருக்கு விற்பார்கள். கிடைக்கும் பணம் மாணவர் சங்கத்தைச் சேரும். விலை குறித்தல், ரசீது கொடுத்தல், ரொக்கத்தை எண்ணிக் கட்டுதல் யாவும் மாணவர் பொறுப்பு. இரண்டு மாதத்திற்கு முன் விதைத்த தட்டுக்கள் அந்நாளில் விற்பனைக்குத் தயாராக இல்லையென்றால், அக்குறை ஊர் முழுவதும் தெரிந்துவிடும்.

4. சங்கத்தை மாணவரிடமே விட்டு நீங்குதல். மாணவர் சங்கத்திற்கு அக்கிராசனர், உப அக்கிராசனர், காரியதரிசி, பொக்கிஷதாரர், நிருபர், வாயிற்காப்போர் என்று உத்தியோகஸ்தர்கள் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் கூட்ட மண்டபத்தில் ஓர் இடமும் ஓர் அடையாளமும் உண்டு. அக்கிராசனருக்கு உதயசூரியன், உப அக்கிராசனருக்குக் கலப்பை, காரியதரிசிக்குச் சோளக்கதிர். ஆலோசகரான உபாத்தியாயருக்கு உரிய அடையாளம் ஆந்தை. அவர்கள் தேசத்தில் ஆந்தை அறிவைக் குறிக்கும் பறவை. தீர்மானம் கொண்டுவருதல், ஆமோதித்தல், திருத்தம் கூறுதல், வாக்கெடுத்தல் ஆகிய கூட்ட நடைமுறைகளை மாணவர் அங்கேயே பழகுகின்றனர்.

பயிற்சியாளர் வந்த புதிதில் கூட்டத்தில் இடையிடையே எழுந்து பேசவேண்டியிருக்கலாம். கடைசிக் கூட்டத்தில் அவர் வாய்திறவாமல் அமர்ந்திருக்க, நிகழ்ச்சிக் குறிப்பு வாசிக்கப்பட்டு, வரவு செலவு அங்கீகரிக்கப்பட்டு, அடுத்த கூட்டத்தின் தேதியும் குறிக்கப்படுமாயின், அவருடைய வேலை வெற்றி பெற்றது எனலாம். மாணவர் ஒவ்வொரு தீர்மானத்திற்கும் அவர் முகத்தையே பார்ப்பார்களாயின், அவர் தம்மையே தூணாக நிறுத்தியிருக்கிறார். தூணை எடுத்தவுடன் கூரை விழும். மாணவரின் அன்பைப் பெறுவது நன்றே. அந்த அன்பு தம்மோடு ஊரைவிட்டுப் போய்விடாமல், செய்யும் வேலையில் நிலைபெறச் செய்வதே போதனை.

பயிற்சியாளர் செய்யவேண்டிய முடிவு

இவ்வாரங்களில் வேறொரு காரியமும் நடைபெறுகிறது. அது எப்பதிவேட்டிலும் எழுதப்படுவதில்லை. ‘இத்தொழிலில் நான் நிலைப்பேனா?’ என்ற கேள்விக்குப் பயிற்சியாளர் தமக்குள் விடை காண்கிறார்.

விவசாய உபாத்தியாயரின் வேலை பள்ளி மணியோடு முடிவதன்று. மாலையில் சங்கக் கூட்டம், விடுமுறை நாளில் கால்நடைக் கண்காட்சி, கோடை விடுமுறையிலும் மாணவரின் நிலங்களைப் பார்வையிடுதல் என்று வருஷம் முழுவதும் நீள்வது. மறுபுறம், விதை விற்போரும் உரம் விற்போரும் யந்திரக் கம்பெனியாரும் விவசாயம் படித்த வாலிபரை நல்ல சம்பளத்திற்கு அழைக்கின்றனர். பயிற்சியை முறையாக முடித்தும் பள்ளிக்கு வராமல் அவ்வேலைகளுக்குச் செல்வோர் உண்டு. அமெரிக்காவில் விவசாய உபாத்தியாயர் போதாமை பல ஆண்டுகளாகப் பேசப்பட்டுவரும் குறை. உபாத்தியாயர் கிடைக்காத சிற்றூரில் விவசாயப் பகுதியையே மூடவும் நேரிடும். மூடிய பகுதியை மறுபடி திறப்பது எளிதன்று. தொழிற்கூடத்தில் துரு ஏறும். கண்ணாடி வீடு வெறுமையாகும். கணக்கு எழுதிப் பழகவேண்டிய ஒரு தலைமுறை பழகாமலே நிலத்திற்குத் திரும்பும்.

ஆகலின், அநுபவமுள்ள உபாத்தியாயர் கடைசி வாரங்களில் குற்றங்களை மட்டும் எடுத்துக்காட்டாமல், பயிற்சியாளர் எதில் தேறியிருக்கிறார் என்பதையும் சான்றுடன் காட்டுகிறார். முதல் வாரத்தில் எழுதிய பாடத் திட்டத்தையும் கடைசி வாரத்தில் எழுதியதையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அவர் அடைந்த வளர்ச்சி அவருக்கே புலப்படும். ஊராருக்கும் இதில் பங்கு உண்டு. அங்குள்ள குடியானவர்களும் வியாபாரிகளும் கூடிய ஆலோசனைக் குழுக்கள் பல பள்ளிகளின் விவசாயப் பகுதிக்குத் துணைநிற்கின்றன. கண்காட்சிக்குப் பிராணிகளை ஏற்றிச்செல்ல வண்டி கொடுத்தும், தொழிற்கூடத்திற்கு மரமும் இரும்பும் உதவியும், மாணவரைத் தம் பண்ணைக்கு வரவழைத்தும், இளம் உபாத்தியாயரின் சுமையை அவர்கள் பகிர்ந்துகொள்ளலாம். “உம்முடைய வேலை எங்களுக்கு வேண்டும்” என்று ஊர் காட்டினாலன்றி, ஒருவர் இரவும் பகலும் அவ்வூருக்காக உழைக்க முன்வருவது அரிது.

நம் சங்கங்கள் செய்யக்கூடியது

நம் நாட்டில் உபாத்தியாயர் பயிற்சி இதே உருவத்தில் இல்லை. ஆயினும், விவசாயக் கல்லூரிகளில் இறுதி ஆண்டு படிக்கும் மாணவ மாணவியர், ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டத்தின்படி கிராமங்களுக்கு வருகின்றனர். கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் இவ்வாறு வருகின்றனர். விதை நேர்த்தி செய்தல், மண் மாதிரி எடுத்தல் முதலியவற்றைக் குடியானவர்களுக்குச் செய்துகாட்டுகின்றனர். அவர்கள் உபாத்தியாயராவதற்காக வருபவர் அல்லர். கற்கவும், கற்றதைக் காட்டவும் வருபவர். இருப்பினும், வந்து சில காலம் தங்கிப் போகிறவர்கள் என்ற முறையில், மேலே கூறிய பரீட்சை அவர்களுக்கும் பொருந்தும். அவர்களை ஏற்கும் நமக்கும் பொருந்தும்.

அத்தகையோர் உங்கள் கிராமத்தைவிட்டுப் புறப்படும் வாரத்தில், மாலையிட்டுப் படம் பிடித்துக்கொள்வதோடு நிறுத்திவிடாமல், சங்க நிர்வாகிகள் அவர்களைச் சங்கக் கட்டிடத்திற்கு அழைத்து நான்கு கேள்விகளைக் கேட்பார்களாக.

முதலாவது, நீங்கள் செய்துகாட்டியதை இனித் தாமே செய்யக்கூடியவர் இவ்வூரில் யார், யார்?

இரண்டாவது, எடுத்த மண் மாதிரிகளின் முடிவு யாரிடம், எப்பொழுது வந்து சேரும்?

மூன்றாவது, நீங்கள் தொடங்கி முடியாமல் நிற்கும் வேலை எது?

நான்காவது, எங்கள் கணக்குகளிலும் பழக்கங்களிலும் நீங்கள் கண்ட குறை எது?

விடைகளை ஒரு தாளில் எழுதி, தேதியிட்டு, சங்கத்தின் கோப்பில் வைத்துக்கொள்வது நலம். நான்காவது கேள்விக்கு இளைஞர் விடை சொல்லத் தயங்குவர். வயதில் மூத்தவர் முன் குறை கூறுவது மரியாதையன்று என்று எண்ணுவர். “தம்பி, அஞ்சாமல் சொல்லுங்கள், சங்கத்தின் நன்மைக்காகவே கேட்கிறோம்” என்று மூத்த அங்கத்தினர் ஒருவர் முன்வந்து சொன்னால் தயக்கம் நீங்கும். அவர்கள் காட்டும் குறை சிறிதாயினும், அடுத்த பொதுக்கூட்டத்தில் அதைப் படித்துக்காட்டி ஆலோசிக்கவேண்டும்.

அடுத்த வருஷம் வேறு மாணவர்கள் வரும்போது, அத்தாளை முதல் நாளிலேயே அவர்கள் கையில் கொடுக்கலாம். முந்தியவர் விட்ட இடத்திலிருந்து அவர்கள் தொடங்குவார்கள். அவ்வாறு செய்யாத கிராமத்தில், ஒவ்வொரு வருஷமும் அதே விதை நேர்த்தி அதே திண்ணையில் செய்துகாட்டப்படும். வயலில் எதுவும் மாறாது.